இடது குட்டை, வலது நெட்டை

எல்லர்மூர்,
அக்டோபர் மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி ஒன்னோவுக்கு,

அக்கா தலேயா எழுதிக்கொள்வது. இங்கு நானும் பூனையும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. மழை வரப்போவது அதற்கு முந்தின நாளே தெரிந்துவிடுகிறது, வானிலை சொல்கிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை. நீ நமீபியா வெயிலில் காய்ந்து சுருங்கிப் போகாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய உப்புக்கண்டம் வந்து சேர்ந்தது. பாதியைப் பூனை தின்றது. மீதியை நான் மென்றதில் பல் ஒன்று ஆட்டம் கண்டிருக்கிறது. கொட்டகைக் கூரையில் மேற்குப் பக்கத்து ஓடுகளைப் புயல் கொண்டுபோய்விட்டது. ஃபோல்கர்ட் வந்து தார்ப்பாய் கட்டிக்கொடுத்தான். விமானங்களுக்கு மருத்துவம் பார்க்கிற மெக்கானிக்கை ஓட்டு வேலைக்கு இழுத்துவிட்டேன் என்று அவனுக்குக் கோபம். “இதக் கட்ட வேண்டியவன் பாலைவனத்துல போய் ஒட்டகம் மேய்க்கிறான்” என்று முனகிக்கொண்டே கட்டினான். நீ அங்கே எஞ்சின் இல்லாத கிளைடர்களின் இறக்கைகளுக்கு ஒட்டுப் போடுகிறாய் என்று நான் சொல்லவில்லை. சொன்னால், “அந்த ஒட்ட இங்க வந்து போட்டா என்னவாம்” என்று கேட்பான்.

ஈஸ்டர் சமயத்தில் எழுதியபோது, காலை நேரத்தில் பட்டறை மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் கால்கள் இரண்டும் தானாக உதறுகின்றன என்று எழுதியிருந்தாய். உடம்பில் உப்புச் சத்து குறைவு என்று அங்குள்ள மருத்துவர் சொன்னாராம். சரி, உப்பைப் போட்டுத் தின்னு. ஆனால் அந்தக் கால்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

முதலில் நீ கோபப்படப்போகும் செய்தி. நம் மஞ்சள் வண்டை, அந்த இழுவை விமானத்தை, இப்போது ஓட்டுவது நான்தான். கிளைடர்களை இழுத்துக்கொண்டு மேலே போக உரிமம் உள்ளவர்கள் நம் பறக்கும் கழகத்தில் நாம் இருவர் மட்டுமே. நீ போன பிறகு அந்த விமானம் கொட்டகையில் தூசி தின்றுகொண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் போகவே எல்லோரும் தயங்கினார்கள். விற்றுவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. ஆயுள் முழுக்கப் பால் லாரி ஓட்டியவள் நான். ஓடுகிற வண்டியை நிறுத்தி வைப்பது எனக்குச் சகிக்காது. மார்ச் மாதத்தில் ஒருநாள் போய் எஞ்சினைக் கிளப்பிவிட்டேன். இரண்டு தும்மல் தும்மிவிட்டு எழுந்துகொண்டது.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். கிளைடரில் உட்காருகிறவர் ஆபத்துக் கணக்கை உரக்கச் சொன்னால்தான் கயிற்றை மாட்டுவேன். தாழ்வாக இருக்கும்போது கயிறு அறுந்தால் நேரே பீட்ரூட் வயலில் இறங்கு, திரும்பி வர ஆசைப்படாதே. உயரம் போதுமானால் காற்று வரும் பக்கமாகத் திரும்பி ஓடுபாதைக்கு வா. முன்னால் போகும் விமானம் இறக்கைகளை ஆட்டினால் கயிற்றை உடனே விடு. வாலை மட்டும் ஆட்டினால் கயிற்றை விடவே விடாதே, உன் பிரேக் தகடுகள் திறந்திருக்கின்றன, மூடு. உனக்குத் தெரியாததா? நீ சொல்லிக்கொடுத்ததுதான் எல்லாம். இறக்கைக்குக் கை, வாலுக்குக் கால் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நீதான் கத்திக் கத்திச் சொல்வாய், கைத்தண்டு இறக்கையை ஆட்டும், கால்மிதி வாலை ஆட்டும் என்று.

உன் இம்கே இதைச் சொல்லும் விதம் நினைவிருக்கிறதா? மீன் கடைக்காரி விலை சொல்வது மாதிரி ஒரே மூச்சில் கொட்டிவிட்டுக் கண்ணாடி மூடியைச் சாத்திக்கொள்வாள். அவள் விழுந்த அன்றைக்கும் அப்படித்தான் சொன்னாள், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அதற்குள் ஓடுபாதையில் மான் குறுக்கே வந்துவிட்டது. புறப்பாடு நின்றது. கிளைடர் உருளாமல் இருக்க அவள் நீலப் பிடியை முழுவதும் பின்னால் இழுத்துச் சக்கரத்தைப் பிடித்திருப்பாள். அதை இழுத்தால் இறக்கைமேல் தகடுகளும் எழும்பும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை, திரும்பத் தள்ளி மூடத்தான் மறந்துவிட்டாள். மான் போனதும் கணக்கை முதலிலிருந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லியிருந்தால் தகடுகள் நினைவுக்கு வந்திருக்கும். ஏற்கெனவே சொன்னதுதானே என்று எல்லோரும் கையைக் காட்டிவிட்டோம்.

நீ இழுத்துக்கொண்டு போனாய். வண்டு மேலே ஏற மறுத்தது. ஆல்டர் தோப்பு நெருங்கும்போது நீ சைகை கொடுத்தாய். உன் மனைவி கயிற்றை விட்டாள். தகடுகள் திறந்த கிளைடர் அந்த உயரத்தில் எங்கே பறக்கும், கல்லாகத்தான் விழும்.

அவள் அண்ணன் ரேம்ட் புறப்பாட்டு இடத்தில் நின்றிருந்தான். “இறக்க ஆடுச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். அவந்தான் விடச் சொன்னான்” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னான். விசாரணைக்கு வந்தவர்கள் எந்தச் சைகை என்று தீர்மானிக்க முடியவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். நீ என் சமையலறையில் உட்கார்ந்து, “கைய ஆட்டுனனா கால ஆட்டுனனா, எனக்கே ஞாபகம் வரல அக்கா” என்று கேட்டாய். திரும்பத் திரும்ப அதையே கேட்டாய். அந்த வாரமே கிளம்பிப் போனாய். அன்றிலிருந்து அந்த ஒரு கேள்வியோடுதான் நானும் இந்த வீட்டில் குடியிருக்கிறேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

வசந்த காலத்தில் ஒருநாள் காலை. சதுப்பு நிலத்தின்மேல் மூடுபனி இடுப்பளவுக்கு நின்றது. ஆல்டர் மரங்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. பின்னால் கயிற்றில் ஒரு கிளைடர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. தோப்புக்கு மேலே போனதும் என் காலுக்குக் கீழே மிதிகள் அசைந்தன. நான் அசைக்கவில்லை. இடது, வலது, இடது, வலது. வண்டின் வால் ஆடியது. தோப்பைத் தாண்டியதும் நின்றுவிட்டது.

கீழே வந்ததும், “என் பிரேக் மூடித்தான இருந்துச்சு, எதுக்கு வால ஆட்டுனே?” என்று கிளைடர்காரர் கேட்டார். காற்று என்று சொன்னேன். அன்று இலைகூட அசையவில்லை. தப்புச் சைகை கொடுத்தவர் கழகத்துக்கு ஒரு பெட்டி பீர் வாங்கிவைக்க வேண்டும் என்ற வழக்கம் உனக்குத் தெரியும். வாங்கி வைத்தேன். கோடை முடிவதற்குள் நான் வாங்கிவைத்த பீரைக் குடித்தே பலருக்குத் தொப்பை விழுந்துவிட்டது. “தலேயாவுக்குக் காலு நடுங்குது, கண்ணும் போச்சு” என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். என் முதுகுக்குக் காது உண்டு.

ஃபோல்கர்ட் வாலைக் கழற்றி, கம்பி, கப்பி, கீல் ஒவ்வொன்றையும் பார்த்தான். “வண்டு நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் வாதம்” என்றான். எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று சந்தேகம். அதனால் அடுத்த முறை தோப்பு வருவதற்கு முன்பே பாதங்களை மிதிகளிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டேன்.

தரையில் என் பாதங்கள் இரண்டும் பக்கம் பக்கமாக இருந்தன. அவற்றுக்கு முன்னால் மிதிகள் போய் வந்தன.

நான் பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை. சதுப்பு நிலத்துச் சாலையில் விடியாத நேரத்தில் தனியாக லாரி ஓட்டியவளுக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை. ஆனால் அன்று எஞ்சின் அத்தனை சத்தம் போட்டும் என் காதில் எதுவும் விழவில்லை. மிதிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைத்தண்டு என் கையில் அசையாமல் இருந்தது. அதை யாரும் தொடவில்லை. மிதிகள் மட்டும்தான். இடது மிதி கொஞ்சமாக உள்ளே போனது, சட்டென்று வந்துவிட்டது. வலது மிதி கடைசிவரை போனது, தங்கி வந்தது. மறுபடியும் இடது குட்டை, வலது நெட்டை.

அந்தத் தாளம் எனக்குத் தெரிந்தது. எங்கே கேட்டது என்று மட்டும் பிடிபடவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. துணியைக் கீழே போட்டுவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ சின்னப் பையனாக இருந்தபோது வைக்கோல் பரணிலிருந்து விழுந்து இடது முழங்காலை உடைத்துக்கொண்டாயே, அதற்குப் பிறகு நீ படியேறும் சத்தம் அது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கேட்டு நான் வளர்ந்திருக்கிறேன்.

ஒன்னோ, செத்தவர்கள் வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உயிரோடு இருக்கிறவனின் கால் மட்டும் வரும் என்று யாரும் சொன்னதில்லை. யாரிடம் சொல்வது? பூனையிடம் சொன்னேன். அது எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டது. உனக்கும் எழுதவில்லை. அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீ அங்கே உட்கார்ந்து கவலைப்படுவாய். அப்படியே இருந்திருப்பேன், போன ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்திருந்தால்.

ஞாயிறு காலையில் ரேம்ட் வந்தான். இம்கே போனதிலிருந்து அவன் பறந்ததே இல்லை, என்னோடு பேசியதும் இல்லை. கையில் முட்செடிக் கொத்து வைத்திருந்தான். முதன்முதலில் தனியாகப் பறந்து இறங்குகிறவர்களுக்கு நாம் கொடுப்போமே, அந்த மாதிரி. மேலே போய் ஆல்டர் தோப்பில் போடப்போவதாக ஃபோல்கர்ட்டிடம் சொல்லியிருக்கிறான். என் முகத்தைப் பார்க்காமல் கணக்கை ஒப்பித்தான். நானும் அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டு வண்டில் ஏறினேன். மூடுபனி மறுபடியும் இடுப்பளவுக்கு நின்றது.

எஞ்சின் வேகம் எடுக்கும் நேரத்தில் கொக்குக் கூட்டம் ஒன்று ஓடுபாதையில் வந்து இறங்கியது. சதுப்பு நிலத்துச் சாம்பல் கொக்குகள். நான் எஞ்சினைத் தணித்துவிட்டுக் காத்திருந்தேன். அவை அவசரமே இல்லாமல் நடந்து போயின. ஃபோல்கர்ட் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு, சரி என்று கையைக் காட்டினான். முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள் என்று நான் வானொலியில் கத்தினேன். பக்கத்து மைதானத்துக்காரர்கள் அதே அலைவரிசையில் வாயாடிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் கேட்கவில்லை. சைகை வந்துவிட்டது, கயிறு விறைத்துவிட்டது, நான் போனேன். அன்று நீ போன மாதிரியே போனேன்.

தரையை விட்டு எழுந்ததும் தெரிந்துவிட்டது. வண்டு ஏறவில்லை, யாரோ வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். ரேம்டின் இறக்கைகள் இரண்டின்மேலும் தகடுகள் நிமிர்ந்து நின்றன. எதிரே மூடுபனிக்குள்ளிருந்து ஆல்டர் தலைகள் வந்துகொண்டிருந்தன.

வாலை ஆட்ட வேண்டும், வேறு வழி இல்லை. ஆட்டினால் அவன் கயிற்றை விட்டுவிடுவான், அவன் தங்கை விட்ட மாதிரி. ஆட்டாவிட்டால் இரண்டு பேரும் மரத்தில். கயிற்றை நானே கழற்றிவிட்டால் நான் பிழைப்பேன். இதெல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. என் கால்கள் மரத்துப்போய்விட்டன. நான் மிதிக்கவில்லை, தம்பி. இறைவன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், என் கால்களால் முடியவில்லை.

மிதிகள் தாமாகப் போயின. இடது குட்டை, வலது நெட்டை. இடது குட்டை, வலது நெட்டை. இந்த முறை என் பாதங்கள் அவற்றின்மேல் இருந்தன. யாரோ என் செருப்புக்குள் கால் நுழைத்துக்கொண்டு மிதித்த மாதிரி இருந்தது. கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது.

கண்ணாடியில் தகடுகள் சட்டென்று மடங்கின. வண்டு துள்ளி ஏறியது. மரங்கள் சக்கரத்துக்குக் கீழே போயின, எவ்வளவு கீழே என்று நான் பார்க்கவில்லை.

ரேம்ட் இறங்கியபோது கொத்து அவன் மடியிலேயே இருந்தது, போட மறந்திருக்கிறான். மத்தியானம் என் வீட்டுக் கதவைத் தட்டினான். தேநீர் போட்டேன். கோப்பையில் கற்கண்டு போட்டு, பாலாடையை ஓரமாக விட்டுக் கொடுத்தேன். குடித்தான். கோப்பைக்குள் கரண்டியை வைத்தால்தானே போதும் என்று அர்த்தம், அவன் வைக்கவே இல்லை. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். கெண்டி காலியாகி இரண்டாவது முறை போட்ட பிறகுதான் வாய் திறந்தான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. “உன் இறக்க ஆடுச்சு தலேயா. வாலு திரும்பும்போது இறக்கையும் கூடவே சாயுது. அன்னைக்கு நான் தரையிலேர்ந்து பாத்தது அததான். எனக்கு விடுன்னுதான் தோணுச்சு. என் கை கயித்த விடுற மஞ்சள் குமிழுக்குப் போயிடுச்சு. பிடிச்சிட்டேன்.”

அப்புறம் என்ன என்று கேட்டேன்.

“அப்புறம் வாலப் பாத்தேன். கொஞ்சமா இந்தப் பக்கம், நீளமா அந்தப் பக்கம். நொண்டுச்சு. நான் கிறுக்கன்னு நெனச்சுக்கோ, பரவால்ல. ஒன்னோ நடந்து போற மாதிரி இருந்துச்சு. ஒன்னோன்னா காலு. காலுன்னா வாலு, வாலுன்னா பிரேக்குன்னு அவன் கத்துறது காதுல கேட்டுச்சு. கைய எடுத்து நீலப் பிடியத் தள்ளிட்டேன்.”

பிறகு, “நீயா அப்படி மிதிச்சே?” என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். மேசையில் கையை வைத்துக்கொண்டு அந்த முரட்டு ஆள் அழுதான். விசாரணைக்காரர்களுக்கு எழுதப்போகிறேன், தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்லப்போகிறேன் என்றான். ஒன்னோவுக்கு என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை என்றான். நான் எழுதுகிறேன் என்றேன். போகும்போது கோப்பைக்குள் கரண்டியை வைத்துவிட்டுப் போனான். முட்கொத்தை இருவருமாகப் போய்த் தோப்பின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தோம். பறவைச் சத்தம் எதுவும் இல்லை. ஈரத்தில் எங்கள் காலடி அமுங்கியது, அவ்வளவுதான்.

நேற்று கயிறு இல்லாமல், பின்னால் யாரும் இல்லாமல், வண்டை நான் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ரேம்ட் பிழைத்துவிட்டான், இனி ஓய்ந்திருக்கும் என்று நினைத்தேன். தோப்புக்கு மேலே பாதங்களைத் தரையில் வைத்துக்கொண்டேன். மிதிகள் அசைந்தன. மிக மெதுவாக, களைத்துப்போன ஒருவன் படியேறுகிற மாதிரி. யாருக்காகவும் இல்லை, அங்கே எச்சரிக்க யாரும் இல்லை. ஆனாலும் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தன. எனக்குப் பயம் போய்விட்டது, தம்பி. போதும்டா, விடுடா என்று சத்தமாகச் சொன்னேன். நிற்கவில்லை.

போன ஞாயிறு காலை உன் கால்கள் உதறினவா? திங்கள் காலையில்? எனக்கு எழுத வேண்டாம். உனக்கே தெரிந்தால் போதும்.

நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கைத்தண்டு ஒருமுறைகூட அசையவில்லை. அசைந்தது மிதிகள் மட்டும். நீ காலைத்தான் ஆட்டினாய். சரியான சைகையைத்தான் கொடுத்தாய். பாவம், அவள் தப்பாகப் படித்தாள். அவள் அண்ணனும் அப்படித்தான் படிக்கப்போனான். அந்த உயரத்தில், அந்த மரங்களுக்கு முன்னால், யாரும் அப்படிப் படித்திருக்கலாம். உன்மேலும் குற்றமில்லை, அவள்மேலும் இல்லை.

என் வார்த்தையை நம்ப வேண்டாம். வந்து பார். நீ பின்னால் கிளைடரில் உட்காரு, இம்கே உட்கார்ந்த இடத்தில். கணக்கை உரக்கச் சொல்லு. நான் இழுத்துக்கொண்டு போகிறேன். தோப்புக்கு மேலே என் பாதங்கள் இரண்டையும் தரையில் வைத்துக்கொள்கிறேன். வாலை நீயே பார்த்துக்கொள். உன் அறையில் படுக்கை விரித்திருக்கிறேன். பரட்டைக்கீரை இனிக்க முதல் உறைபனி விழட்டும் என்று காத்திருக்கிறேன், அதற்குள் வந்தால் சூடாகச் சாப்பிடலாம்.

நீ வரும் வழியெல்லாம் காற்று உனக்குச் சாதகமாக வீசட்டும். இறைவன் உன்னைக் காக்கட்டும். உன் கால்கள் இரண்டும் இங்கேதான் இருக்கின்றன. இளைப்பாறவே மாட்டேன் என்கின்றன. மீதி ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்.

உன் வருகையை எதிர்பார்த்துப் படியடியில் விளக்கை எரியவிட்டிருக்கும்,
அக்கா தலேயா